மலையில் பருப்பு ஏன் வேகவில்லை? கொடைக்கானல் வீட்டுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வத்தலக்குண்டில் பிறந்து கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்டவள் நான். வந்த முதல் வாரம் நான் வைத்த சாம்பாரில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நின்றன. மாமனார் ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அத்தைதான் அடுப்படிக்கு வந்து, "கீழே வேகிற மாதிரி இங்கே வேகாதம்மா, இது மலை" என்றார். அம்மா வீட்டில் மூன்று விசிலில் குழைந்த அதே பருப்பு, அதே குக்கர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது எங்கள் தெருவுக்கு மாற்றலாகி வருகிற ஆசிரியர், நர்ஸ், வங்கி ஊழியர் குடும்பங்கள் எல்லாம் இரண்டாவது வாரத்தில் வாசலில் வந்து நிற்கின்றன. கேள்விகளும் ஏறக்குறைய அவையேதான். அதனால் பதில்களை எழுதி வைத்திருக்கிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எவ்வளவு நேரம் வைத்தாலும் பருப்பு வேகவில்லை. பருப்பு பழசா, குக்கர் கெட்டுவிட்டதா?

இரண்டும் இருக்கலாம். ஆனால் முதல் குற்றவாளி உயரம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கிறது. கொதி வந்த பிறகு அதற்குமேல் சூடு ஏறாது. தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், பருப்பு வேகாது. கண்ணுக்கு எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தெரிவதுதான் ஏமாற்று வேலை.

குக்கர் வைத்தால் பிரச்சினை பாதியாகக் குறையும், முழுதாகத் தீராது. குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே ஒரு குறிப்பிட்ட அளவு அழுத்தத்தைத்தான் உள்ளே பிடித்து வைக்கிறது. வெளியே ஏற்கெனவே குறைவு. அதனால் உள்ளேயும் குறைவு. சமவெளியில் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி இருக்கும் என்றால் இங்கே அதைவிட நான்கு டிகிரி வரை குறையும். ஆகவே குக்கர் சமையலுக்குச் சமவெளிக் கணக்கைவிடக் கால் பங்கு நேரம் கூட்டுங்கள். பத்து நிமிடம் என்று இருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று.

கேஸ்கட்டையும் பாருங்கள். மார்கழிக் காலையில் ரப்பர் விறைத்துக் கிடக்கும். ஆவி ஓரமாகக் கசியும். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து மாட்டினால் படிந்துவிடும். இது தெரியாமல் நான் ஒரு புதுக் குக்கரே வாங்கியிருக்கிறேன்.

அப்படியானால் எத்தனை விசில்?

விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஒரு அடுப்பில் மூன்று விசில் ஐந்து நிமிடத்தில் வரும், இன்னொரு அடுப்பில் பன்னிரண்டு நிமிடம் ஆகும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு இது: அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்கு 12 நிமிடம். இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்கு 25 நிமிடம். ராஜ்மாவுக்கும் அதேதான், பருமனான ரகமாக இருந்தால் முப்பது. பிறகு ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் கடைசிப் பத்து நிமிட வேக்காடு வீணாகப் போகிறது.

ஊறவைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குழாய்த் தண்ணீர் இங்கே ஐஸ் மாதிரி. அதில் ஊறப்போட்ட கடலை காலையில் பாதிதான் பருத்திருக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். உப்பையும் புளியையும் பருப்பு மசிந்த பிறகு சேருங்கள். புளி முன்பே சேர்ந்தால் பருப்பு முறைத்துக்கொள்ளும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வெந்துவிடும் என்று சொல்வார்கள். வேகும்தான், ஆனால் பி1 வைட்டமின் அதில் அழிகிறது. நான் போடுவதில்லை.

ராஜ்மாவைத் திறந்த பாத்திரத்தில் அரைகுறையாக வேகவைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது சிதையும். அரைவேக்காட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மலையில் ராஜ்மா என்றால் குக்கர்தான்.

இட்லி மாவு இரவு முழுக்க வைத்தும் பொங்கவில்லை. என்ன செய்வது?

மலைக்கு வந்தவர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. மாவு புளிப்பதற்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் எங்கள் அடுப்படி அதிகாலையில் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும். அந்தக் குளிரில் மாவிலுள்ள நுண்ணுயிர்கள் போர்த்திக்கொண்டு தூங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை ஒரு வழி வைத்திருந்தார். பின்கட்டில் குளிப்பதற்கு வெந்நீர் போடும் விறகடுப்பு உண்டு. இரவு எட்டரைக்குத் தணலை ஒதுக்கிவிட்டு, பக்கத்துத் திண்டில் மாவுப் பானையை வைப்பார். அதன்மேல் மாமனாரின் பழைய சாம்பல் நிறக் கம்பளி. கம்பளியில் ஒரு மூலை தீப்பட்டுக் கருகியிருந்தது. அந்தக் கருகிய மூலை எப்போதும் சுவர்ப் பக்கம் இருக்கவேண்டும், இல்லையென்றால் மறுபடி தணலில் விழும். காலை ஏழு மணிக்குப் பிரித்தால் மாவு விளிம்புவரை ஏறி நிற்கும். தட்டைத் திறக்கும்போது புஸ்ஸென்று ஒரு மூச்சு வரும் பாருங்கள், அது வந்தால் இட்லி பஞ்சு.

இன்று யார் வீட்டில் விறகடுப்பு இருக்கிறது? எனவே இப்படிச் செய்யுங்கள். நான்குக்கு ஒன்று என்று அரிசி உளுந்து போடுகிறவர்கள் இங்கே மூன்றுக்கு ஒன்று போடுங்கள். ஒரு தேக்கரண்டி வெந்தயமும் ஒரு கைப்பிடி ஊறிய அவலும் சேரட்டும். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரை விடுங்கள். உப்பு புளிப்பை மெதுவாக்கும். குளிர்காலத்தில் உப்பைக் காலையில் கலந்தால் போதும். மாவை அரைப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பாமல், அதைவிடப் பெரிய பாத்திரத்தில் கை பொறுக்கும் வெந்நீர் விட்டு அதற்குள் இறக்கி, மூடி, கம்பளியால் சுற்றுங்கள். படுக்கப்போகும்முன் ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். ஓவன் இருந்தால் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு வைக்கலாம். அந்தச் சிறு பல்பின் சூடே போதும்.

சமவெளியில் எட்டு மணி நேரம் என்றால் இங்கே பதினாறு மணி நேரம்கூட ஆகும். நாளை இரவு இட்லிக்கு இன்று இரவே அரைத்துவிடுங்கள். திட்டம் மாறினால் கோபம் குறையும்.

தயிரும் உறைவதில்லையே?

அதே காரணம்தான். பாலைக் காய்ச்சி, சமவெளியில் விடுவதைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில், சுண்டு விரலை விட்டு ஐந்து எண்ணும்வரை தாங்குகிற பதத்தில் உறை ஊற்றுங்கள். உறை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் தயிராக இருக்கக் கூடாது. வெந்நீர் ஊற்றிக் கொட்டிய ஹாட் பாக்ஸில் மூடி வைத்தால் ஆறு, ஏழு மணி நேரத்தில் கட்டியாக இருக்கும். இடையில் திறந்து திறந்து பார்ப்பவர்களுக்குத் தயிர் உறையாது. இது அறிவியல்தான், ஒவ்வொரு திறப்பிலும் சூடு போகிறது.

ஞாயிறு சந்தையில் எதை வாங்கினால் குடும்பத்துக்கு நல்லது?

மண்ணோடு இருக்கிற கேரட்டை வாங்குங்கள். கழுவிப் பளபளவென்று அடுக்கியது கண்ணுக்கு அழகு. மண் ஒட்டியது அதைவிட நாள் தாங்கும். கேரட்டின் மஞ்சள் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும், ஆகவே பச்சையாகக் கடித்தாலும் பொரியலுக்குத் தேங்காய் தூவினாலும் கொஞ்சம் எண்ணெய்ச் சத்து கூட இருக்கட்டும். முட்டைக்கோஸில் வெளி இலை இரண்டையும் உரித்து எறிந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். காலிஃபிளவரைப் பூவாகப் பிரித்து உப்புப்போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டால் புழு மேலே வந்துவிடும்.

ஆனால் சந்தையில் என் கால் முதலில் போவது பட்டர் பீன்ஸ் கூடையிடம்தான். நீலகிரியிலும் இங்கேயும் விளைகிற இந்தப் பயற்றைக் காயாமல் பச்சையாக உரித்துச் சமைக்கிற பாக்கியம் நமக்கு உண்டு. புரதமும் நார்ச்சத்தும் நிறைந்தது. வாரம் இரண்டு நாள் கறிக்குப் பதில் இதை வைத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

பட்டர் பீன்ஸ் குழம்பு எப்படி வைக்கிறீர்கள்?

நான்கு பேருக்கு உரித்த பட்டர் பீன்ஸ் இரண்டு கப். சின்ன வெங்காயம் பதினைந்து, மலைப்பூண்டு பன்னிரண்டு பல், தக்காளி இரண்டு, நெல்லிக்காய் அளவு புளி.

வறுத்து அரைக்க: காய்ந்த மிளகாய் ஐந்து, மல்லி இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி. தேங்காயைக் கடைசியில் போட்டு வாசனை வரும்வரை மட்டும் வறுக்கவேண்டும். சிவந்துவிட்டால் குழம்பு கசக்கும்.

பயற்றைக் கொஞ்சம் மஞ்சள்தூளோடு குக்கரில் பத்து நிமிடம் வேகவையுங்கள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்துங்கள். தோல் வழுக்கி விலகி, உள்ளே வெண்ணெய்போல மசியவேண்டும். நடுவில் மாவாக நெருடினால் இன்னும் மூன்று நிமிடம். இந்தப் பதம் வராமல் புளி ஊற்றினீர்களானால் பிறகு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நெருடல் போகாது.

ஒன்றரை மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் வதக்குங்கள். பூண்டு ஓரம் பொன்னிறமாகும்போது தக்காளி. அது கரைந்ததும் அரைத்த மசாலா, பிறகு புளிக்கரைசல், உப்பு. பச்சை வாசனை போனதும் வெந்த பயற்றை அது வெந்த தண்ணீரோடு சேர்த்து, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம். ஒரு கைப்பிடி பயற்றைக் கரண்டியால் மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும். சோள மாவு ஒன்றும் வேண்டாம்.

சோற்றைவிட இது களிக்கும் சப்பாத்திக்கும் பிரமாதம். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். மிஞ்சினால்தானே!

மலைப்பூண்டு நிஜமாகவே ஒசத்தியா, வியாபாரப் பேச்சா?

ஒசத்திதான். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைகிற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் வாசனையும் கூடுதல். சமவெளிப் பூண்டு பத்துப் பல் போடுகிற இடத்தில் இது ஆறு போதும். அறுவடை செய்ததும் வீட்டுக்குள் புகை படுகிற இடத்தில் கொத்தாகத் தொங்கவிடுகிற வழக்கம் உண்டு. அப்படி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், முளைத்துவிடும்.

ஆனால் "தினமும் நாலு பல் தின்றால் பிரஷர் மாத்திரையே வேண்டாம்" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பூண்டு உணவு. மாத்திரையை நிறுத்துவது டாக்டர் பேசவேண்டிய விஷயம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் பூண்டை அளவுக்கு மீறிச் சாப்பிடும்முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சளி பிடித்த வீட்டுக்கு நான் கொடுத்தனுப்புவது பூண்டு மிளகு ரசம். ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம் மூன்றையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டவேண்டும். மிக்ஸியில் அரைத்தால் விழுதாகி ரசம் கலங்கும். தண்டிக்குடிப் பக்கத்து மிளகு கிடைத்தால் அரைத் தேக்கரண்டி போதும், மூக்கு தானாகத் திறக்கும். நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.

சௌசௌ மலிவாகக் கிடைக்கிறது, பிள்ளைகள் தொடுவதில்லை.

நீலகிரிக்காரர்கள் மேரக்காய் என்பார்கள். கீழ்ப்பழனி மலையில் பந்தல் பந்தலாகத் தொங்குகிற காய். பாவம், ருசி இல்லாத காய் என்று பெயர் வாங்கிவிட்டது. உண்மையில் அதற்கு ருசி வேண்டாம், கூட வருவதன் ருசியை வாங்கிக்கொள்ளும். நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்துக் கொழகொழவென்று ஆக்குவதுதான் நம் தவறு.

இரண்டு காயைத் தோல் சீவிச் சிறு சதுரமாக நறுக்கி, முன்பே முக்கால் வேக்காடு வெந்த கால் கப் பாசிப்பருப்பில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றாமல் மூடி வேகவிடுங்கள். காயே தண்ணீர் விடும். தேங்காய், சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, ஒரு கொதி. தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை. இது கூட்டு.

சீவிய தோலை எறியாதீர்கள். இளம் காயின் தோலை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து ஒரு மேசைக்கரண்டி, மிளகாய் மூன்று, துளி புளி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் வைத்துக் கொரகொரவென்று அரைத்தால் துவையல். கூட்டைத் தொடாத என் இளையவன் இதைத் தோசைக்கு மூன்று முறை கேட்டு வாங்குவான். எதில் செய்தது என்று பல நாள் நான் சொல்லவில்லை. தோல் சீவும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அதன் பால் பட்டால் விரல் பசை பிடித்துத் தோல் உரியும்.

வெண்ணெய்ப்பழத்தை ஜூஸ் தவிர வேறு எப்படிக் கொடுப்பது?

ஜூஸ் கடைகளில் ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு கரண்டி சர்க்கரை போகிறது. நல்ல கொழுப்புள்ள பழத்தை மிட்டாயாக்குகிற வேலை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு நாளுக்கே 25 கிராம் சர்க்கரைக்குள் நிற்கச் சொல்கிறது.

நன்றாகக் கனிந்த பழத்தைக் கரண்டியால் வழித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து முள்கரண்டியால் மசியுங்கள். சப்பாத்திக்குள் தடவிச் சுருட்டினால் ஒரு வேளை உணவு. தயிரில் கலந்து கடுகு தாளித்தால் பச்சடி. அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள், சூடுபட்டால் கசக்கும்.

கீரைக்கு மலையில் பஞ்சமா?

முருங்கைக்கீரையும் அகத்தியும் பஸ்ஸில் ஏறித்தான் வரவேண்டும், வாடி வரும். ஆனால் முள்ளங்கி இலையையும் பீட்ரூட் இலையையும் நூல்கோல் இலையையும் கடைக்காரர் நம் கண்முன்னாலேயே திருகி மாட்டுக்குப் போடுகிறாரே, அது கீரை இல்லையா? கிழங்கைவிட இலையில் சத்து அதிகம். "திருகாமல் கொடுங்கள் அண்ணாச்சி" என்று கேளுங்கள். முள்ளங்கி இலை கொஞ்சம் சுணை உள்ளது, வதங்கியதும் போய்விடும். பாசிப்பருப்பும் பூண்டும் போட்டுப் பொரியல். பீட்ரூட் இலை கடைசலுக்கு.

குளிருக்கு ஒரு நாளில் ஆறேழு டீ ஆகிவிடுகிறது. தப்பா?

டீயைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, நானே குடிக்கிறேன். நேரம்தான் முக்கியம். டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. மேலே சொன்ன அதே வழிகாட்டுதல், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காபி வேண்டாம் என்கிறது. இட்லியோடு டீ, சோறு முடிந்ததும் டீ என்கிற நம் மலை வழக்கம் கர்ப்பிணிகளுக்கும் வளரும் பெண் பிள்ளைகளுக்கும் நேர் எதிரி. சாப்பாட்டோடு வெந்நீர் குடிக்கட்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா எதாவது ஒன்று கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

இன்னொன்று: குளிரில் தாகம் தெரியாது. பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் மாலையில் நிறைந்தபடியே திரும்பி வரும். பிறகு மலச்சிக்கல் என்று பிள்ளை அழும். ஃப்ளாஸ்கில் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள், குடிப்பார்கள்.

உப்பு அதிகம் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு மட்டமான தேக்கரண்டிக்குள். நான்கு பேர் குடும்பத்துக்கு 20 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் முதல்முறை 31 நாளில் தீர்ந்துபோனது. ஊறுகாய், கருவாடு, பேக்கரி வர்க்கி எல்லாம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அன்றிலிருந்து கருவாட்டை இரண்டுமுறை வெந்நீரில் அலசுகிறேன், ஊறுகாய் ஜாடி மேசையிலிருந்து அலமாரிக்குப் போய்விட்டது.

மதிய டப்பா ஆறிப்போய் அப்படியே திரும்பி வருகிறது.

ஆறிய தயிர்சாதத்தை 15 டிகிரிக் குளிரில் நீங்கள் சாப்பிடுவீர்களா? இன்னொன்றையும் கவனியுங்கள்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். காலையில் தேங்காய் எண்ணெயில் தாளித்த பொரியலைப் பன்னிரண்டரைக்குத் திறந்தால் பீன்ஸ்மேல் வெள்ளைப் படலம் படிந்திருக்கும், வாயில் மெழுகாக ஒட்டும். நெய்யும் அப்படித்தான். டப்பாவுக்குச் செய்கிற நாளில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போடுங்கள்.

வாயகன்ற ஃப்ளாஸ்க் ஒன்று வாங்குவது நல்ல முதலீடு. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, சாம்பார் சாதத்தைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடினால் மதியமும் ஆவி வரும்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார். சோற்றைக் குறைத்துக் காய் அதிகம் வைக்கிறோம். உருளைக்கிழங்கு பொரியல் சேர்க்கலாமா?

உருளைக்கிழங்கு காய் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும். கிழங்கு வைத்தால் அந்த அளவுக்குச் சோறு குறையவேண்டும். தட்டில் பாதி பீன்ஸ், கோஸ், சௌசௌ, கீரை. கால் பங்கு பருப்போ பயறோ முட்டையோ. மிச்சம் கால்தான் சோறு அல்லது களி. ராகி என்பதால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்கவேண்டாம், கஞ்சியாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

பச்சை படர்ந்த உருளைக்கிழங்கையும் ஆழமாக முளைவிட்டதையும் யாருக்குமே கொடுக்காதீர்கள். அந்தப் பச்சையோடு சேர்ந்து வருகிற நச்சு வேகவைத்தாலும் போகாது. சாக்கு போட்டு இருட்டில் வையுங்கள்.

மழைக்குப் பிறகு சோலையில் முளைக்கிற காளானைச் சமைக்கலாமா?

வேண்டாம். கடையில் விற்கிற மொட்டுக்காளான் போதும்.

ஏழு மாதக் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்?

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். அதன்பிறகு தாய்ப்பாலோடு இணை உணவு. மசித்த கேரட், பட்டாணி, குழைந்த பருப்புச் சோறு, ராகிக் கூழ், மசித்த முட்டை மஞ்சள்கரு. மலைவாழைப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடே உண்டு, பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேர்கிற பழமும் அதுதான். தோல் கறுத்துச் சுருங்கும்போதுதான் உண்மையில் கனிந்திருக்கிறது. மலைத்தேன் நல்லதுதானே என்று நாக்கில் தடவாதீர்கள். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. உப்பு, சர்க்கரைக்கும் அவசரம் இல்லை.

முட்டை வேகவும் இங்கே கூடுதல் நேரம் பிடிக்கும். கொதி வந்த பிறகு 14 நிமிடம் விடுங்கள்.

மிளகாய்த்தூள் கட்டிதட்டுகிறது, வேர்க்கடலையில் பூஞ்சை பிடிக்கிறது.

மூடுபனி மாதங்களில் எதையும் கிலோக் கணக்கில் வாங்காதீர்கள். கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கி, கடலையையும் ரவையையும் உடனே வறுத்து ஆறவைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையைத் துடைத்துப் பயன்படுத்தவேண்டாம், மொத்தமாக எறியுங்கள். அதன் நச்சு வறுத்தாலும் நிற்கும், ஈரலைக் கெடுக்கும். வற்றல், வடகம் போடுகிற ஆசையையும் விட்டுவிடுங்கள். என் அம்மாதான் இன்றும் வத்தலக்குண்டு மொட்டைமாடியில் காயவைத்து அனுப்புகிறார்.

எல்லாம் செய்தும் மாவு பொங்கவில்லை. காலை ஏழு மணி, பள்ளி வண்டி எட்டுக்கு.

கொட்டிவிடாதீர்கள். நான்கு கரண்டி கோதுமை மாவோ ராகி மாவோ கலந்து, ஒரு கேரட்டைத் துருவிப் போட்டு, வெங்காயம், மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து கல்லில் கனமாக ஊற்றி மூடி வையுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்புங்கள். தொட்டுக்கொள்ள நேற்றைய பட்டர் பீன்ஸ் குழம்பு. மிச்ச மாவைக் கம்பளிக்குள் திருப்பி வைத்துவிடுங்கள், சாயங்காலம் பொங்கியிருக்கும்.